நான் மாற்றி வைத்த நண்டுகள்

நைனா,

நேற்றுக் காலை நீ காலேஜில் உன் ஆராய்ச்சியைப் பார்க்கிற மேடத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "மேடம், தப்பு என் கையிலதான் நடந்திருக்கும். எங்கன்னுதான் தெரியல" என்று நீ சொன்னது காதில் விழுந்தது. அப்புறம், திங்கட்கிழமையிலிருந்து மணலியில் ஏதோ ஒரு கம்பெனியில் சோதனைக்கூட வேலைக்குப் போகப்போவதாகவும், ஆராய்ச்சியை இத்தோடு விட்டுவிடுவதாகவும் சொன்னாய். குழாயை மூடக்கூட எனக்குக் கை வரவில்லை. தப்பு என் கையில் நடந்தது நைனா. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உள்ளே வந்தேன். மூன்று தடவையும் "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவள் என்று குப்பத்தில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டுக்கும் விதவைப் பணத்துக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் அடுத்தவர் கஷ்டம், பேனா தானாக ஓடும். இன்று ஒரு வரி எழுதினால் இரண்டு வரியை அடிக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. மேடம் படிக்கட்டும். மாமா யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். மார்க்கெட்டில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களும் படிக்கட்டும். ஒளித்துச் செய்த காரியத்தை ஒளித்துச் சொன்னால் அது சொன்னதாகாது.

நீ எண்ணூர் முகத்துவாரத்து நண்டை ஆராய்ச்சிக்கு எடுத்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் பிள்ளை நாம் பிடிக்கிற நண்டைப் பற்றியே படித்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். என் தம்பி தேசப்பனோடு, உன் மாமாவோடு, ஒரு வருஷம் முழுக்கப் படகில் போனாய். முகத்துவாரத்தில் மூன்று இடம் குறித்துக்கொண்டு, மாதம் தவறாமல் அங்கே சேற்று நண்டு பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் காலேஜுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய். எல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கும் மாமாவுக்கும் விளக்கிச் சொன்னாய். நண்டின் சதையில் ஈயமும் வேறு சில உலோகங்களும் இருக்க வேண்டியதற்கு மேல் இருக்கின்றன, சின்னப் பிள்ளைகளும் மாசமாக இருக்கிற பெண்களும் இதைத் தொடவே கூடாது என்றாய். மாமா தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டான்.

"அப்ப நா இன்னா பண்றது நைனா? நாளிக்கு வலய எங்க போட்றது?"

"தெரில மாமா. ஆனா இத்த மறைக்க முடியாதில்ல?"

மாமா ஆமாம் என்று தலையை ஆட்டினான். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். நீ அதைக் கவனிக்கவில்லை.

எனக்கு என்ன பயம் என்று உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், கடலில் என்னவோ கலந்துவிட்டது என்று டி.வி.யில் காட்டினார்கள். அது நடந்த இடம் வேறு, நாங்கள் விற்ற மீன் வேறு. ஆனாலும் தேரடிப் பக்கம் என் கூடையை ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. தினமும் வாங்குகிறவர்கள் எதிர்ப் பக்கமாக நடந்து போனார்கள். நல்ல மீனை மணலில் குழி தோண்டிப் புதைத்தோம். நாலு நாள் டி.வி. சொன்னதற்கே அப்படி. என் பிள்ளையே, காலேஜ் முத்திரையோடு, நம்ம நண்டு விஷம் என்று வெளிநாட்டுப் புத்தகத்தில் எழுதினால் மாமா எந்தத் தண்ணீருக்குப் போவான்? அவனை நம்பி இருக்கிற ஐந்து பேர் எங்கே போவார்கள்? இதைத்தான் இரண்டு வருஷமாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாம் உட்கார்ந்து பேசியிருப்போம்.

இதையெல்லாம் ஒரு பேப்பராக எழுதி நீ அந்த வெளிநாட்டு இதழுக்கு அனுப்பிய அன்று நான் கேட்டேன், "எத்தினி நாளு ஆவும்?"

"மூணு மாசம்ங்கிறாங்கம்மா. முன்ன பின்ன ஆவலாம்."

"யாரு படிக்கிறாங்கோ?"

"பேரு சொல்ல மாட்டாங்க. இந்த வேல தெரிஞ்சவங்க ரெண்டு பேரு. அவங்கவங்க வேலைக்கு நடுவுல படிச்சு, சரியா தப்பான்னு எடிட்டருக்கு எழுதுவாங்க. காசெல்லாம் கெடயாது."

"கூலி குடுக்காம வேல வாங்குனா எவன் சீக்கிரம் முடிப்பான்?" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மேடத்திடமும் சொல்லிச் சிரித்தாயாம்.

மூன்று மாதம் ஆயிற்று, ஆறு ஆயிற்று. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் போனைத் திறந்து அந்த இதழின் பக்கத்தைப் பார்ப்பாய். ஒரே வரிதான் இருக்கும். "அண்டர் ரிவ்யூ", இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற அந்த இரண்டு வார்த்தையை நான்கூடக் கற்றுக்கொண்டேன். இந்தப் பேப்பர் வந்தால்தான் பட்டத்துக்கு எழுதித் தர முடியும், பட்டம் இருந்தால்தான் வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் தருவதாகச் சொல்லியிருந்த ஆராய்ச்சி இடம் உனக்குக் கிடைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீ மெலிந்துகொண்டே போனாய். எட்டாவது மாதம் எடிட்டருக்கு மெயில் எழுத உட்கார்ந்து, கோபத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டாய். நான்தான் அதை அழிக்கச் சொன்னேன். மனு எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எந்தத் தேதியில் அனுப்பினோம், அதற்குக் கொடுத்த எண் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி, கடைசியில் ஒரு நன்றி. அவ்வளவுதான் எழுத வேண்டும், குறை சொல்லக் கூடாது, பதில் வராவிட்டால் ஒரு மாதம் விட்டு இதையே மறுபடி அனுப்ப வேண்டும் என்றேன். "சூப்பர்மா" என்று என் தோளைக் கட்டிக்கொண்டாய். அன்று சாயங்காலம் வடிவுடையம்மன் சன்னிதியில் நின்று நான் வேண்டியது என்ன தெரியுமா? அந்த மெயிலுக்குப் பதிலே வரக் கூடாது என்று. என் வாயால் உனக்கு மெயில் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே வாயால் அப்படி வேண்டினேன். தாமதம் ஆக ஆக எனக்கு நிம்மதியாக இருந்தது. உனக்கு எதிரில் உச்சுக் கொட்டுவேன், உள்ளே போய் மூச்சு விடுவேன்.

எனக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரலில் இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, சில மாதம்தான் என்றார். நான் அப்பாவிடம் வெறும் வயிற்றுப் புண் என்றேன். அவர் கடைசி வரைக்கும் அடுத்த சீசனுக்கு வலை வாங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கும் தன் அண்ணனோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தாரே, அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. எல்லாம் முடிந்து பதினாறாம் நாள் நீ என்னைக் கேட்டாய். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். "ஏம்மா அவர்ட்ட சொல்லல? தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணணும்னு அவரே முடிவு பண்ணிருப்பாரில்ல?" நான் அழுது உன் வாயை அடைத்துவிட்டேன். நீயும் அம்மாவை அழவைத்துவிட்டோமே என்று விட்டுவிட்டாய். அன்றைக்கு நீ விடாமல் கேட்டிருக்கலாம்.

பதினொன்றாவது மாதம் பதில் வந்தது. படித்த இரண்டு பேரில் ஒருவர் நன்றாக இருக்கிறது, போடலாம் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், முடிவு நம்பும்படி இருக்கிறது, ஆனாலும் அதே மூன்று இடத்திலும் இன்னொரு தடவை நண்டு எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றிருந்தார். நீ துள்ளினாய். "தொறந்துட்டாங்கம்மா கதவ. இன்னும் ஒரே ஒரு வாட்டிதான்." அந்த வாரமே உனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டாய். எடிட்டர் கொடுத்த கெடு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாக, படுத்த படுக்கையில் மூன்று சீட்டில் பென்சிலால் எண் எழுதிக் கொடுத்தாய். "மாமாவாண்ட குடும்மா. ஒவ்வொரு எடத்து நண்டும் தனித்தனிப் பெட்டில இருக்கணும். நீயே காலேஜுக்கு எடுத்துனு போயி மேடத்தாண்ட குடுத்துடு. வேற யாரயும் நம்ப மாட்டேன்" என்றாய்.

வேறு யாரையும் நம்ப மாட்டேன் என்றாய் நைனா.

மாமா சொன்னபடி செய்தான். விடியற்காலையிலேயே போய், நீ சொன்ன மூன்று இடத்திலும் பிடித்து, கொடுக்கைக் கட்டி, மூன்று பெட்டியில் போட்டு, சீட்டை வைத்து என்னிடம் கொடுத்தான். நான் ஷேர் ஆட்டோவில் கல்மண்டபம் வந்து, அங்கிருந்து காலேஜுக்குப் பஸ் பிடித்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் காசிமேட்டுக்குப் போனேன். பழவேற்காட்டிலிருந்து நண்டு கொண்டுவந்து விற்கிற ஒரு அக்கா அங்கே உட்காருவாள். அது இந்த அளவுக்குக் கெடாத வேறு தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒரே நண்டு. "யக்கா, இத்த வச்சிக்கினு அதே சைசுல உன்னுத குடு" என்றேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, என்னுடையது கொஞ்சம் பெரிது. பெட்டிக்குப் பெட்டி மாற்றினேன். நீ எழுதிய சீட்டை ஈரம் படாமல் துடைத்து, எந்தப் பெட்டியில் எது இருந்ததோ அதிலேயே வைத்தேன். அவ்வளவு சுத்தமாகச் செய்தேன்.

நான் மூடியை அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா வந்து அந்த அக்காவின் முன்னால் உட்கார்ந்து நண்டைப் புரட்டினாள். நான் மாற்றிக் கொடுத்த நம்ம முகத்துவாரத்து நண்டில் நாலை எடுத்துத் தனியாக வைத்தாள். "பொண்ணு மாசமா கீறா, நண்டு வேணும்னு ஒரே அடம்" என்று சிரித்தாள். நீ சொன்னது என் காதில் அப்படியே ஒலித்தது. வேண்டாம்மா, இது வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொன்னால் ஏன் என்று கேட்பாள், அந்த அக்கா கேட்பாள், சுற்றி இருக்கிறவர்கள் கேட்பார்கள். நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த அம்மா யார், வீடு எந்தத் தெரு, எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் காசிமேட்டில் அந்த முகத்தைத் தேடியிருக்கிறேன். கண்ணில் படவில்லை. மற்றதெல்லாம் உனக்குச் செய்தது, நீ திட்டலாம், திட்டினால் கேட்டுக்கொள்வேன். இதற்கு யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். புது நண்டில் ஒன்றும் இல்லை என்று கருவி சொன்னது. நீ உடம்பு தேறாமலே எழுந்து போய், மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாய். கண்ணாடிப் பாத்திரத்தையெல்லாம் அமிலத்தில் கழுவினாய். பழைய நோட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் நான் செய்ததெல்லாம் தப்போ என்று உன்னையே கேட்டுக்கொண்டாய். நான் உனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, "நல்லதுதானே நைனா. நம்ம நண்டு நல்லாக்கீதுன்னு எழுதிடேன்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. கோபமாகக்கூட இல்லை. "ரெண்டுல ஒன்னு பொய்மா. எதுன்னு தெரியாம எப்டி எழுதறது?" என்றாய். முதல் கணக்கு, இரண்டாவது கணக்கு, இரண்டையும் மறைக்காமல் போட்டு, ஏன் இப்படி வருகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்று எழுதி அனுப்பினாய். நான் எப்படிப்பட்டவனைப் பெற்றிருக்கிறேன் என்று அன்று எனக்குத் தெரிந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

மறுபடி ஏழு மாதம். வெளிநாட்டு இடம் வேறொருவருக்குப் போயிற்று. மாதத்துக்கு ஒரு தடவை நான் சொல்லிக் கொடுத்த அதே மெயிலை அனுப்பினாய். வீட்டில் நாம் இரண்டு பேரும் அந்த இரண்டாவது ஆளைத் திட்டினோம். "சோம்பேறி, கஸ்மாலம், ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்துகினு புள்ளைங்க வாயில மண்ணப் போட்றான்" என்று நான் திட்டியதை நீ ரசித்தாய். போன வாரம் முடிவு வந்தது. வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அந்த இரண்டாவது ஆள் எழுதியதை நீ எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். எல்லாக் கணக்கையும் தானே மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். கருவியில் தப்பு இருந்தால் இப்படி வராது, பாத்திரம் அழுக்காக இருந்தால் இப்படி வராது, இந்த நண்டுகள் அதே இடத்தில் பிடித்தவை என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தார். நீ அதை உன்னைத் திருடன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாய். முகம் தெரியாத ஒரு ஆள், சம்பளம் இல்லாமல், எந்த ஊரிலோ உட்கார்ந்து, என் கையைப் பிடித்துவிட்டார். நம்மைக் காக்கவைத்தார் என்பது நிஜம். ஆனால் உன் வேலையை அவ்வளவு கவனமாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். பெற்றவள் அதைப் படிக்கவே இல்லை.

நேற்று உன் போனைக் கேட்ட பிறகு நான் முதலில் மாமாவிடம் போனேன். உன்னைத் தவிர எல்லோரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அவன் கரையில் வலை சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். உனக்காகத்தான் செய்தேன் என்று ஆரம்பித்தேன். அவன் வலையைக் கீழே போட்டான்.

"எனுக்காவா? யக்கா, நா புடிச்சிக் குடுத்த நண்ட மாத்துனியா?"

"உன் தொயிலு போயிடுமேன்னுதான்..."

"போனா போவுது. அவன் கேட்டப்ப நா முடியாதுன்னா சொன்னேன்? மூணு எடத்துலயும் போய் ஒயுங்கா புடிச்சாந்து குடுத்தேனா இல்லியா? எனுக்குத் தெரியாதா அந்தத் தண்ணி இன்னா லச்சணத்துல கீதுன்னு? அதுலதான தெனிக்கும் எறங்கறேன்? என் புள்ளைங்களுக்கு நா அந்த நண்ட ஆக்கறதில்ல, தெரியுமா உனுக்கு?" அவன் வலையைக் காலால் தள்ளினான். "யாராச்சும் எய்தி வச்சாத்தான் நாளிக்கு ஒரு ஆபீசர்ட்டயாவது போயி நிக்க முடியும்னு நெனச்சிகினு இருந்தேன். நீ மண்ணப் போட்டுட்ட."

எனக்குத் தெரியாது நைனா. இரண்டு வருஷம் அவனுக்காகப் பயந்தேன், அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று காலை காலேஜுக்குப் போய் மேடத்தைப் பார்த்தேன். அவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள், நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர்கள் மேஜையில் இருந்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். அப்புறம், "இத எழுத்துல குடுப்பீங்களா?" என்று கேட்டார்கள். அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை எடிட்டருக்கு அனுப்புகிறார்கள். "இந்த இதழ்ல திரும்ப எடுப்பாங்களான்னு சொல்ல முடியாதும்மா. அநேகமா மாட்டாங்க. வேற எடத்துக்கு முதல்லேர்ந்து அனுப்பணும், இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆனா உங்க பையன் பொய் சொல்லலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்கள். உன்னிடம் அவர்களே சொல்லட்டும் என்று கேட்டேன். முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டார்கள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் இந்த இரண்டு வருஷத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், யார் சொன்னது என்று பார்க்காமல் எடுத்துக்கொள். காத்திருக்கிற நாளில் நீ உன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாய். பதில் வரவில்லை என்றால் வேலை மட்டம் என்று அர்த்தம் இல்லை. நீ அனுப்பியது ஒருவர் மேஜையில் இருக்கிறது, அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது, அவ்வளவுதான். தேதியைக் குறித்து வை, மரியாதையாகக் கேள், அதற்குள் அடுத்த வேலையைத் தொடங்கு. மணலி வேலைக்குப் போவதானாலும் போ, தப்பில்லை. ஆனால் தப்புச் செய்தவனாக நினைத்துக்கொண்டு போகாதே. என்னை மன்னிக்கச் சொல்லியும் கேட்க மாட்டேன். அது என்றைக்காவது வந்தால் வரட்டும், வராவிட்டாலும் கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மாமா படகு எடுக்கிறான். மேடம் கூட வருகிறார்கள், மூன்று இடத்திலும் அவர்கள் கண் எதிரிலேயே பிடித்து, அங்கேயே பெட்டியை மூடி முத்திரை வைக்க வேண்டுமாம். அவர்களுக்குப் படகில் ஏறிப் பழக்கம் இல்லை, நீ கை கொடுத்து ஏற்று. நான் கரைப் பக்கம் வர மாட்டேன். அந்தப் பெட்டிகளை இனி நான் தொட மாட்டேன். வீட்டில் சோறு ஆக்கி வைத்திருப்பேன். வந்து சாப்பிடுவதும், என்னோடு பேசுவதும் உன் இஷ்டம். படகில் மட்டும் ஏறிவிடு நைனா.

அம்மா